தெருப்பக்கத்து ஜன்னல்

குரோம்பேட்டை தொடக்கப்பள்ளி வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் கரும்பலகைமேல் சாய்ந்து கிடக்கிறது. குடியை விடப் போராடும் ஆண்கள் குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே பேசுவது வெளியே போகக்கூடாதென்று தெருப்பக்கத்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைப்பார்கள். பக்தவச்சலம் தன் முறைக்கு எழுந்து வாயைத் திறக்கிறான். அவன் உள்ளே நுழைந்ததைப் பார்த்துவிட்ட பழைய கூட்டாளி குணா, எதிரே ஒயின்ஷாப் வாசலிலிருந்து கத்துகிறான். "இன்னா மச்சான், ஒண்ணாங்கிளாஸ்ல சேந்துட்டியா?" அங்கே நாலைந்து பேர் சிரிக்கிறார்கள், இங்கே தலைகள் குனிகின்றன. பக்தவச்சலத்துக்குக் காது மடல் சுடுகிறது. விறுவிறுவென்று போய்த் தாழ்ப்பாளை இழுத்து ஜன்னலைப் படாரென்று திறக்கிறான். துரு உதிர, பொரித்த மீன் வாசனையும் பஸ் ஹாரனும் உள்ளே பாய்கின்றன. பின்னாலிருக்கும் முகங்கள் தெரியாதபடி ஜன்னலைத் தன் உடம்பால் அடைத்து நின்றுகொண்டு தெருவுக்கே சொல்கிறான். "எம் பேரு பக்தவச்சலம். நான் ஒரு குடிநோயாளி. இன்னிக்கு குடிக்கல!" "வணக்கம் பக்தவச்சலம்!" கூட்டத்தில் எப்போதும் சொல்கிற பதில்தான், இன்று முதுகுக்குப் பின்னால் கூரை அதிர எழுகிறது. எதிரே சிரிப்பு நின்றுவிட்டது. குணாவின் கையில் பிளாஸ்டிக் டம்ளர் அப்படியே இருக்கிறது. "ஆமாண்டா, ஒண்ணாங்கிளாஸ்தான். பெஞ்சுல உனக்கும் எடம் கீது, வா."