ரெண்டு கை தூரம்

கழுத்து அட்டை ரெண்டு கை தூரத்துக்குள் இருந்தால்தான் அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் திறந்திருக்கும். விலகினால், ஆள் சீட்டில் இல்லை என்று கணக்கு. மேஜையில் கழற்றி வைத்துவிட்டும் போக முடியாது; கழுத்தை விட்டு எடுத்தால் அட்டை அணைந்துவிடும்.

"எவனோ இங்கே ஒரு பெட்டி, வீட்டுல ஒரு பெட்டின்னு வெச்சு அட்டையோட சிக்னலைக் கடத்துறான். அட்டை பக்கத்துலயே இருக்குன்னு மிஷினும் நம்புது," என்றார் மேனேஜர். "கணக்குப் பிரிவு அம்மா மேலதான் சந்தேகம். சீட்டைக் கிழிச்சிடலாமா?"

"அவங்க இல்ல சார்." பாதுகாப்பு இன்ஜினியர் கண்ணைக் கசக்கினார்.

"எப்படிச் சொல்றே?"

"விடுங்க சார், ஓட்டையை அடைச்சாச்சு. இனி அட்டைகிட்டேருந்து பதில் வர்ற நேரத்தை வெச்சு மிஷின் தூரத்தை அளக்கும். கடத்தினா துளி தாமதமாகும், உடனே பூட்டிக்கும்."

இருட்டிய பிறகுதான் இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். மடியில் ஒன்று, தொட்டிலில் ஒன்று என்று ரெட்டைக் குழந்தைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனைவி சீறினாள்.

"மத்தியானமே வந்துடுவீங்களே, இன்னைக்கு என்னாச்சு?"

"இனிமே தினமும் இப்படித்தான். ஆபீஸ்ல ஓட்டையை அடைச்சுட்டாங்க."

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை?"

அலமாரியிலிருந்த குட்டிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான்தான்."