கொட்டாங்கச்சி

"யோவ் இருதயராஜ்! வெளியே வாய்யா. உன் குடும்பம் பண்ணி வச்சிருக்கிற வேலையை வந்து பாரு!"

தேவநாதன் கொல்லையில் நின்று போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவர் வீட்டுக்காரர். இருதயராஜ் பின்கட்டில் குடியிருப்பவன். விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை.

விஷயம் வேறொன்றுமில்லை. புதிதாகக் கட்டிய கக்கூஸ் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் தானாகப் போய்விடுகிற பீங்கான் கக்கூஸ் அந்தத் தெருவிலேயே தேவநாதன் வீட்டில்தான் உண்டு. வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் அதைத் திறந்து காட்டுவார். இன்று காலை ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் மேலே வந்து நின்றது.

"நாங்க ஒண்ணும் போடலீங்க" என்றான் இருதயராஜ்.

"பின்னே யாரு போட்டது? ராத்திரி ஷிப்டு முடிஞ்சி வர்ற ஆளு நீ. என்னத்தைக் குடிச்சிக்கினு வந்து எதைப் போட்டியோ!"

இருதயராஜ் பீடிகூடக் குடிக்காதவன். ஆனால் ரயில்வேக்காரன், அதிலும் கிறிஸ்தவ வேதக்காரன் என்றால் கட்டாயம் குடிப்பான் என்பது தேவநாதனின் தீர்ப்பு. மதுவிலக்குக் கமிட்டித் தலைவரான அவரே சொல்லும்போது ஊர் நம்பாமல் என்ன செய்யும்?

"நேத்து கடைசியா நீங்கதானேங்க உள்ளே போனீங்க? போலீசு வீடு வீடா சாராயம் தேடிக்கினு வந்தப்போ?"

"எனக்கு வயித்துக் கடுப்புய்யா! வயித்துக் கடுப்புக்குப் பீங்கான் அடைக்குமா? எதிர்த்து எதிர்த்துப் பேசாதே. மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணு!"

கதவோரம் நின்றிருந்த இருதயராஜின் மனைவி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நிறைமாதம். இந்த வீடு கிடைக்கவே எத்தனை வாசலில் நின்றார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இருதயராஜ் கைலியை மடித்துக் கட்டினான்.

"நானே எடுத்துடறேங்க. எங்க வீட்டுப் பொருள் வந்துச்சின்னா, மாசக் கடைசி வேணாம். இன்னைக்கே சாமானைத் தூக்கிக்கினு போயிடறேன்."

தேவநாதன் பதறிப்போனார்.

"நீ ஒண்ணும் எடுக்க வேணாம். அடுத்த வாரம் மேஸ்திரி வருவாரு. நீ காலி பண்ணு, அது போதும்."

"அடுத்த வாரமா?" கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்தாள் அவர் மனைவி தையல்நாயகி. "இன்னைக்கு ஊர்வலம் முடிஞ்சி உங்க கமிட்டி ஆளுங்க இங்கதானே சாப்பிட வர்றாங்க? அவசரம்னா அத்தினி பேரும் ரயில் ரோட்டுக்கா ஓடுவாங்க? அவரு எடுக்கட்டும், விடுங்க."

அதற்குள் கமிட்டி ஆட்களே வந்துவிட்டார்கள், ஊர்வலத்துக்குத் தலைவரை அழைத்துப்போக. கையில் மதுவிலக்குத் தட்டிகள். விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு தட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கொல்லைப்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

இருதயராஜ் ஒரு இரும்புக் கம்பியை எடுத்தான்.

"கம்பி வேணாம், கம்பி வேணாம்! உடைஞ்சிடப் போவுது!" என்று அலறினார் தேவநாதன்.

"என்னாங்க உடையும்?"

"பீங்கான்யா! பீங்கான்!"

கம்பியைப் போட்டுவிட்டுக் கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தான். படியில் நின்றவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. தேவநாதன் ஒருவர்தான் மூக்கைக்கூடப் பிடிக்காமல் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவில் ஏதோ வழவழவென்று தட்டுப்பட்டது. அப்படியும் இப்படியும் அசைத்து மெல்ல இழுத்தான். வந்துவிட்டது.

சப்பையான சின்ன பாட்டில். பாண்டிச்சேரி பிராந்தி. மூடி திறக்கவே இல்லை.

இருதயராஜ் திரும்பிப் பார்த்தான். தேவநாதன் முகத்தில் ஈயாடவில்லை. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. மற்றவர்களுக்குத் தெரியாமல் மார்புக்கு நேரே இரண்டு கையையும் குவித்தார்.

"என்னாப்பா அது?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தூக்கிக் காட்டினால் கதை முடிந்தது. ஆனால் தையல்நாயகி கரண்டியோடு அங்கேயே நிற்கிறாள். மாசமாக இருக்கிற பெண் ஆசைப்படுவாள் என்று கேப்பை அடையும் மல்லாட்டை உருண்டையும் பின்கட்டுக்குக் கொடுத்தனுப்புகிறவள் அவள்.

இருதயராஜ் பாட்டிலைச் சாக்கோடு சுருட்டிப் பக்கத்திலிருந்த சாம்பல் கூடையில் அமுக்கினான்.

"ஒண்ணுமில்லீங்க. கொட்டாங்கச்சி."

தேவநாதனுக்கு மூச்சு திரும்பி வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சுக்குப் பின்னாலேயே பழைய குரலும் வந்தது.

"கேட்டீங்களாய்யா? கொட்டாங்கச்சி! அடுப்புல எரிக்கிறதைக் கொண்டாந்து பீங்கான்ல போடற ஜனங்க! இவங்களுக்கு இரக்கப்பட்டு வீடு கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். யோவ், உன் வாயாலயே சொன்ன இல்ல? கிளம்பு. இன்னைக்கே சாமானைத் தூக்கு!"

"தலைவரு ரொம்பப் பொறுமைசாலி" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். "நானா இருந்தா எப்பவோ துரத்தியிருப்பேன்."

தட்டிகள் எல்லாம் ஆமாம் என்று அசைந்தன.

இருதயராஜ் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கையை உள்ளே விட்டான்.

"ஐயா, அதே மாதிரி இன்னொண்ணு கிடக்குதுங்க. எடுத்துத் தர்றேன். இது என்னான்னு இவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க."