நாற்காலியின் உயரம்

தரையிலிருந்து நூற்றைம்பது சென்டிமீட்டர். படத்தின் நடுப்புள்ளி அங்கேதான் இருக்க வேண்டும்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் இதைச் சொல்வாள். ஓவியக் கல்லூரியின் காட்சியமைப்பு வகுப்பில் ஆறு மாதமாகப் பொறுப்பாளர் அந்த எண்ணைத்தான் ஓதிக்கொண்டிருந்தார். நிற்கிற மனிதனின் கண் அந்த உயரத்தில் இருக்கிறதாம். பொறுப்பாளர் ஆறடிக்கு மேல். அவருடைய கண் எங்கே இருக்கிறது என்று கேட்க வகுப்பில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இன்று பரீட்சை. நகரத்துக் காட்சிக்கூடத்தில் ஆறு மாணவர்கள், ஆளுக்கொரு சுவர். நான்கு மணிக்குப் பொறுப்பாளர் வருவார். யார் சுவர் தேறுகிறதோ அவருக்கு அங்கேயே ஓராண்டு வேலை.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். மற்ற ஐந்து பேரையும்விட அதிகமாக வேண்டும்.

காலையிலேயே மாட்டி முடித்துவிட்டாள். கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று படங்கள். மூடுபனியில் ஓர் ஆறு, அந்த ஆற்றில் ஒரு படகு, படகு போன பிறகு அதே ஆறு. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். ஒரு நூல் பிசகவில்லை.

தள்ளி நின்று ரசிக்கலாமென்று பின்னால் நகர்ந்தபோது தரையில் போட்டிருந்த தடுப்புக் கோட்டைத் தாண்டி எதிர்ச்சுவர்ப் படத்தில் முதுகு இடிக்கப் பார்த்தது.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க."

எதிர்மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலம்மாதான். பதினோரு வருடமாக வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்கிற அதே வாக்கியம், அதே குரல். சொல்லிவிட்டுக் கழுத்தின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டார்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். காவலம்மாவும் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். படபடப்பில் அவளுக்குப் பசியே இல்லை. கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து படங்கள் தெரியவில்லை.

பின்சுவரின் உச்சியில் இருந்த ஜன்னல்தான் தெரிந்தது. மூன்று சட்டங்களின் கண்ணாடியிலும் அதன் வெளிச்சம் அப்பிக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள், கழுத்தை இப்படியும் அப்படியும் ஒடித்துப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

பதினோரு வருடம் இதையா, என்று நினைத்தாள். நினைத்தபடியே கண் சொருகியது.

ஆறு சட்டத்தை விட்டு வழிந்து தரைக்கு வந்தது. மூடுபனி நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டது. சுவரில் படங்கள் மூன்றும் அவசரமே இல்லாமல் கீழே இறங்கின. கிணற்றில் விழுந்த இலை மெதுவாக அமிழுமே, அப்படி. அவள் கண்ணுக்கு நேராக வந்ததும் நின்றன. நடுப் படத்தின் படகில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து எத்தனை முறை துடைத்த படம், இவளைப் பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

விழித்தபோது மணி இரண்டரை.

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். படகில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது, அவ்வளவுதான்.

திரும்ப வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் கண்ணிலிருந்து தரைக்கு அளவுநாடாவைத் தொங்கவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு. அதில் நான்கைக் கழித்துக்கொண்டாள். காவலம்மாவை அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மூன்று படங்களையும் கழற்றினாள்.

சாப்பிட்டு வந்தவர்கள் பதறிப்போனார்கள். உனக்கென்ன கிறுக்கா என்று வாய்விட்டே கேட்டாள் ஒருத்தி. வேலை கையை விட்டுப் போகப்போகிறது என்று அவளுக்கும் நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. சுத்தியலை எடுத்தாள். ஆணி நேராக இறங்கியது.

நான்கு மணிக்குப் பொறுப்பாளர் வந்தார். அவள் சுவருக்கு முன்னால் குனிந்தார், நிமிர்ந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"யாருக்காக இவ்வளவு கீழ மாட்டியிருக்கே?"

"உக்காந்து பாக்கறவங்களுக்கு, சார்."

அவர் கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார். பார்வையாளர் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. கையிலிருந்த தாளில் 'படத் தேர்வு அருமை, உயரம் தவறு' என்று எழுதினார். வேலை பக்கத்துச் சுவர்க்காரனுக்குப் போயிற்று. அவன் சுவரில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

சுவரை இன்னொரு முறை குடைய வேண்டாம், காட்சி முடியும் வரை இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் போய்விட்டார். அவள் ஆணிகளைப் பொறுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காவலம்மா நாற்காலியில் இருந்தார். யாரோ ஒருவர் கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். காவலம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில், தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவின் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். தினப்படி வேலை அது. காட்சிக்கூடத்துக்குள் நீ யாரோ நான் யாரோ என்பது வகுப்பு தொடங்கிய அன்றே அம்மா போட்ட கட்டளை. சிபாரிசில் வந்தவள் என்று மகளை ஒருவர் வாய் பேசிவிடக் கூடாதாம்.

அம்மா இன்னும் காவல் சீருடையைக்கூட மாற்றவில்லை. புட்டியை வாங்கி மூடியைத் திருகி ஓரமாக வைத்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்டி, கழுத்து வலிக்கல," என்றாள். பிறகு, எங்கேயோ பார்த்தபடி, "அந்தப் படகுல ஒருத்தி உக்காந்திருக்கா, பாத்தியா?"