கடைசி நாள் கூட்டம்

"1997 ஜூலை 31. கவுன்சிலர் பாப்பம்மாள் வரவில்லை என்று குறித்தது என் தவறு, தாமதமாக வந்தார்" என்று அன்று மாலை மன்ற எழுத்தர் நம்பி டைரியில் எழுதினான்.

பாப்பம்மாள் கூட்டத்துக்கு மூச்சிரைக்க வந்ததும் மன்றத் தலைவர் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மக்கர் பண்ணுதா? அவர் மாஜி கவுன்சிலர்னா வண்டியும் மாஜியா?"

"அவர் வீட்டுல இருக்கார் சார். திட்டத்தை எடுங்க."

கம்பெனிகளோடு சேர்ந்து வட்டாரத்தை வளர்க்கும் கூட்டுத் திட்டம் அது. அதற்காக தேவராஜ மொஹல்லா பகுதியில் சுமை தூக்குபவர்களின் வீடுகளை இடிக்க வேண்டும். மன்றம் இன்றே மறுக்காவிட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும்.

"வீட்டை இடிச்சா அவங்க எங்க சாமி போவாங்க? மாத்து இடம் இந்தத் திட்டத்துல எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? காட்டுங்க!"

யாராலும் காட்ட முடியவில்லை. திட்டம் தோற்றது.

கைதட்டல் ஓய்ந்ததும் பாப்பம்மாள் தலைவரிடம் போனார்.

"சார், அவர் காலையிலேயே போய்ட்டார்."

"அய்யோ! முதல்லயே சொல்லக்கூடாதா தாயி?"

"மாஜி மெம்பர் செத்தா, அஞ்சலி செலுத்திட்டு கூட்டத்தை ஒத்திவெச்சிடுவீங்களே. அதானே இங்க வழக்கம்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

டைரியில் நம்பி கடைசியாக எழுதினான்: "நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். மன்றத்தின் சார்பில் மாலை வாங்கிப் போக வேண்டும்."