நிலா கேக் பெட்டி

"இந்த வரியை எடுத்துடுங்க, பெரியவரே" என்றான் பாங், சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்து.

பெரியவர் லுவோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கிராமத்து எழுத்தராகத் தொடங்கி மாகாணத் துணை ஆளுநர் நாற்காலி வரை ஏறிய மனிதர். அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர் எழுதியதில் கை வைத்தவர் ஒருவரும் கிடையாது. இன்றைக்கு மீசை முளைக்காத ஒரு பயல் கோடு கிழிக்கிறான்!

"ஏன் தம்பி, அதுல என்ன தப்பு?"

"'பண்டிகைக்கு வர்ற நிலா கேக் பெட்டி கனமா இருந்தா, பிரிக்காம திருப்பிக் குடுத்துடுங்க.' கேக்குக்கு அடியில எத்தனை நோட்டுக்கட்டு இருக்கும்னு ஊருக்கே தெரியும். அதை மேடையில போட்டு உடைச்சா முன்வரிசையில பாதிப் பேர் மூஞ்சி சுருங்கிடும். மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க."

"நேர்மையான நிர்வாகம்னு தலைப்பைக் குடுத்துட்டு, வேற எதைப் பேசச் சொல்ற?"

"'நான் ஒரு விவசாயியின் மகன்'னு ஆரம்பிங்க. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. மூணாவது பக்கத்துல கண்ணு கலங்கணும். போன தடவை கலங்கவே இல்ல."

லுவோ பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் இந்தப் பேச்சுக்கே சம்மதித்திருந்தார். இன்று பஸ்களில் வந்து இறங்கும் அதிகாரிகளில் அவருடைய மருமகன் காவ் யீயும் ஒருவன். மாவட்டத் தலைவன், வயது நாற்பதுகூட ஆகவில்லை. கல் குவாரி முதலாளி சியாவ் அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறானாம். அடுத்த வாரம் நிலாப் பண்டிகை. சியாவின் பெட்டி எப்படிக் கனக்கும் என்று லுவோவுக்குத் தெரியாதா என்ன!

போனில் சொல்லலாம் என்றால், அவர் பேசும் போனில் மூன்றாவது காது ஒன்று எப்போதும் இருக்கும். மகளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "நீங்க வாங்காததாப்பா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள். பெற்ற பெண்ணே இப்படிக் கேட்டால் மனுஷன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"தலைக்குச் சாயமாவது பூச விட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். கட்சியில் எழுபது வயதுக்காரர்கூட காக்கைக் கறுப்புத் தலையோடுதான் மேடை ஏறுவார். லுவோவின் தலையோ பஞ்சாய் வெளுத்திருந்தது.

"வேண்டாம். நரைதான் எடுப்பா இருக்கு" என்றான் பாங். "கிளம்புங்க, எல்லாரும் வந்து உட்கார்ந்தாச்சு."

பேச்சு பாங் காட்டிய வழியில்தான் போனது. விவசாயியின் மகன் வந்தான்; வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனான்; கட்சி அவனைக் கைதூக்கி விட்டது. மூன்றாவது பக்கத்தில் லுவோவின் கண்கள் நிஜமாகவே கலங்கின. முன்வரிசை ஓரத்தில் காவ் யீ தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கலங்கின.

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. காகிதத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் ஒரே ஒரு விஷயம். பண்டிகைக்கு உங்க வீட்டுக்கு ஒரு நிலா கேக்..."

மைக் செத்துவிட்டது. அவர் வாய் மட்டும் அசைந்தது. பேச்சு முடிந்தது என்று எண்ணி அரங்கம் படபடவென்று கைதட்டியது. லுவோ கையை ஆட்டிக் கத்தினார். கத்தக் கத்த, மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். சத்தத்தில் விழித்துக்கொண்ட காவ் யீயும் எழுந்து நின்று தட்டினான். ஊதுகிற சங்கை ஊதி வைக்கலாம் என்றால், சங்கையே பிடுங்கிக்கொண்டார்கள்.

மாடிக்குத் திரும்பியதும் லுவோ ஜன்னலோரம் போய் நின்றார். பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காவ் யீ பஸ்ஸில் ஏறவில்லை.

வெளிவாசலுக்கு அப்பால் அவனுக்காக ஒரு கறுப்புக் கார் காத்திருந்தது. கதவைத் திறந்துவிட்டவன் சாட்சாத் கல் குவாரி சியாவேதான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, தங்க ஜிகினா ஒட்டிய சிவப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டினான். காவ் யீயும் இரண்டு கைகளாலும் வாங்கினான். மரியாதைக்கு அப்படி வாங்குவது வழக்கம்தான். ஆனால் வாங்கியவனின் தோள் சட்டென்று கீழே இறங்கியதே, அது மரியாதையால் அல்ல.

"பார்த்தியா தம்பி? பார்த்தியா?" லுவோ ஜன்னல் சட்டத்தில் ஓங்கி அறைந்தார். "ஒரே ஒரு வரி! சொல்ல விட்டீங்களாடா? இனிமே அவன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

பாங்கும் எட்டிப் பார்த்தான். கார் வளைவில் திரும்பி மறைந்தது. பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தான்.

"நேர்லயே சொல்லிக்கலாம் பெரியவரே. உங்க பக்கத்து ஜெயில் ரூம் காலியாத்தான் இருக்கு."