பத்தும் இருபதும்

ஆய்வுக்கூட அலமாரியில் மூன்று உப்புக் கரைசல் பாட்டில்கள் இருந்தன. மேலே ஒட்டியிருந்த சதவீதம்தான் அவற்றின் பெயர்: பத்து, இருபது, இருபத்தைந்து. முன்வரிசை எப்போதும் இருபத்தைந்துக்குத்தான்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்தா முப்பது. அவனைப் பின்னாடி தள்ளிடலாம்," என்றது பத்து. இருபதுக்கும் ஆசை வந்துவிட்டது.

கலக்கிவிட வந்த கண்ணாடிக் குச்சி தயங்கியது. "கலந்தப்புறம் வர்றதை எக்ஸ் சதவீதம்னு வெச்சு ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாமே."

"பத்தையும் இருபதையும் கூட்ட எக்ஸ் எதுக்குப்பா?" என்றது இருபது.

இரண்டும் ஒரே ஜாடியில் இறங்கின. குச்சி நன்றாகக் கலக்கிவிட்டு, கணக்கையும் போட்டது.

"உங்க உப்பு பத்து கிராமும் இருபது கிராமும் சேர்ந்து முப்பதுதான், ஒத்துக்கறேன். ஆனா ஆளுக்கு நூறு மில்லியா இருந்தவங்க இப்ப இருநூறு மில்லி ஆயிட்டீங்களே. எக்ஸ் பதினைந்துதான் வருது."

ஜாடி முன்வரிசையைப் பார்த்துக் குழைவாகக் கூப்பிட்டது.

"தம்பி, நீயும் உள்ள வந்துட்டா நாற்பது."

இருபத்தைந்து தன் மூடியை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டது.