ரேடியோவுக்கு ஒரு பெட்டி

மலாயா சுதந்திரம் பெறும் மெர்டேக்கா நாளுக்கு இன்னும் நான்கே நாள். மலாக்காவின் காஜா பெராங்கில் தச்சர் விநாயகத்தின் பட்டறைக்கு உமையாள் ஆச்சி வந்திருந்தாள். மகன் உதிரிப்பாகங்கள் வாங்கித் தானே பூட்டிய ரேடியோவுக்கு ஒரு மரப்பெட்டி வேண்டுமாம்.

விநாயகம் அடக்கமான ஒன்றை எடுத்து வைத்தார்.

“இது கட்டிலுக்கடியில ஒளிஞ்சுக்கும். வேணாம் அண்ணே.”

கதவு வைத்த பெட்டியைக் காட்டினார்.

“இதைச் சாத்திட முடியுமே. வேணாம்.”

கடைசியில், முகப்பில் கண்ணாடி போட்ட பெரிய பெட்டிமேல் கை வைத்தாள்.

“இதுதான் தெருவுல போறவங்களுக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்துல எங்க வீட்டுக்காரரு ரேடியோவ அரிசிப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சுக் கேட்டாரு. பிடிச்சுட்டுப் போனவங்க திருப்பி அனுப்பவே இல்ல. இனிமே எங்க வீட்டு ரேடியோ ஒளியக் கூடாது.”

விநாயகம் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“யாரு சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல அண்ணே. பயப்படாம அந்தப் பெட்டிக்குக் கள்ளத்தட்டு வச்சுக் கொடுத்தவரு நீங்க. இதையும் நீங்களே வந்து மாட்டிக் கொடுங்க.”

“வர்றேன் ஆச்சி.”

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். ஜப்பான்காரன் கன்னத்தில் விட்ட இரண்டாவது அறையிலேயே அந்த அரிசிப்பெட்டியைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.